ஃபயர் ஐலண்ட்: ஒரே நாளில் எல்லா ஊரும் பார்க்க முடியுமா?

கேள்வி, ஜூன் 8
நியூஜெர்சி எடிசனிலிருந்து எழுதுகிறேன். மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நியூயார்க் லாங் ஐலண்டுக்குத் தெற்கே ஃபயர் ஐலண்ட் என்று கார் இல்லாத தீவு இருக்கிறதாமே? ஃபெரியில் போய் ஒரு முனையில் இறங்கி, எல்லா ஊரையும் நடந்தே பார்த்துவிட்டு மறுமுனையில் ஏறித் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன். தீவு ரொம்பக் குறுகல் என்கிறார்கள். போனவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு
குறுகல்தான். பல இடங்களில் கால் மைல்கூட இருக்காது. ஆனால் நீளம் 32 மைல். மாமனாரோடு ஏதாவது மனத்தாங்கலா?

ஜூன் 9
சரி, விளையாட்டு போதும். நான் இருப்பது லாங் ஐலண்டிலுள்ள ஹிக்ஸ்வில்லில். கோடையில் இந்தத் தீவுக்கு அடிக்கடி போகிறவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தெற்கே அட்லாண்டிக், வடக்கே கிரேட் சவுத் பே என்கிற விரிகுடா, நடுவில் ஒரு மணல் கீற்று. அதுதான் தீவு. அதில் சின்னதும் பெரியதுமாக 17 ஊர்கள் என்று கணக்கு சொல்வார்கள். இந்த ஊர்களை இணைக்கும் சாலை கிடையாது. ஒவ்வொரு ஊரும் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லாங் ஐலண்டோடுதான் படகு வழியாகத் தொடர்பு வைத்திருக்கிறது, பக்கத்து ஊரோடு அல்ல. பே ஷோரில் ஏறினால் கிஸ்மெட், சால்ட்டேர், ஃபேர் ஹார்பர், டியூன்வுட், ஓஷன் பீச், சீவியூ, ஓஷன் பே பார்க். சேவில்லில் ஏறினால் செர்ரி குரோவ், பைன்ஸ், செய்லர்ஸ் ஹேவன். பேட்சாக்கில் ஏறினால் டேவிஸ் பார்க், வாட்ச் ஹில். ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறினால் நீங்கள் பேட்சாக்கில் நிற்பீர்கள், உங்கள் கார் பே ஷோரில் நிற்கும்.

தீவுக்குள்ளேயே ஊர்விட்டு ஊர் போக வாட்டர் டாக்சி உண்டு. குடும்பமாக ஏறினால் கட்டணம் கண்ணைக் கட்டும்.

பெரியவர்களோடு என்றால் என் யோசனை: ஒரு நாளைக்கு ஓர் ஊர், அதிகம் போனால் இரண்டு. ஃபெரி வேண்டாமென்றால் மேற்கு முனைக்குப் பாலம் இருக்கிறது. ராபர்ட் மோசஸ் ஸ்டேட் பார்க்கில் ஐந்தாம் எண் கார் நிறுத்தம் வரை ஓட்டிப் போய், அங்கிருந்து மரப்பலகைப் பாதையில் முக்கால் மைல் நடந்தால் கலங்கரை விளக்கம். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட 168 அடி கோபுரம், 1858இல் கட்டியது. வழியில் மான் கட்டாயம் நிற்கும். அதற்கப்பால் கிஸ்மெட் வரை நடக்கலாம், ஆனால் அந்த மணல் பாதையில் வயதானவர்கள் பத்தே நிமிடத்தில் நம்மைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஜூன் 9, கொஞ்சம் கழித்து
புளிசாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ஓஷன் பீச் 1921இல் தனி நகராட்சியான ஊர், கூடாது கூடாது என்றே பேர் வாங்கிய ஊர். நடைபாதையில் தின்பதற்கு, கடற்கரையில் தின்பதற்கு, கோடை வாரக்கடைசியில் சைக்கிள் ஓட்டுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் சட்டம். 1970களில் தெருவில் நின்று பிஸ்கட் தின்றவர்களுக்கு அபராதச் சீட்டு கொடுத்து, அது நாடு முழுக்கச் செய்தியாகிச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், படகிலிருந்து இறங்கியதும் பலகையைப் படித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

கிண்டல் செய்கிறோமே தவிர, மணலில் கோழி எலும்பும் பிளாஸ்டிக் தட்டும் இல்லாத கடற்கரையைப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வருகிறது. மெரினாவில் வளர்ந்தவனுக்குக் கூடுதலாகவே வருகிறது.

ஜூன் 12
"மும்பை பக்கத்து மாத்தேரானிலும் கார் இல்லை, அங்கே குதிரை, இங்கே என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இங்கே நீங்களே குதிரை. சிவப்பு வேகன் என்று குழந்தைகள் இழுக்கும் வண்டி தெரியுமல்லவா? வீடு வைத்திருப்பவர்கள் அதுமாதிரி கைவண்டி ஒன்றைப் படகுத்துறையில் பூட்டிப் போட்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால் ஸ்ட்ரீட் சட்டையோடு வந்து இறங்குகிறவர் பூட்டைத் திறந்து, மளிகை, பெட்டி, நாய், தூங்கிப்போன குழந்தை எல்லாவற்றையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போவார். இந்த ஒரு காட்சிக்காகவே வெள்ளிக்கிழமை ஆறு மணிப் படகில் போகலாம்.

ஃபேர் ஹார்பரில் சனிக்கிழமை ஆறு மணிவாக்கில் ஊரே கையில் ஆளுக்கொரு கோப்பையோடு படகுத்துறைக்கு வந்துவிடும், சூரியன் மறைவதைப் பார்க்க. யாரும் யாரையும் அழைப்பதில்லை. வெளியூர்க்காரன் நான் போய் நின்றபோதும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டி மட்டும் "எந்த வீடு?" என்று கேட்டார். "எந்த வீடும் இல்லை" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 14
சாலை ஏன் இல்லை என்ற கேள்விக்கு "இயற்கையை ரசிக்கத்தான்" என்று இங்கே பதில் போட்டிருக்கிறார்கள். அது அவ்வளவு தானாக நடந்த காரியம் இல்லை.

1962 மார்ச்சில் ஒரு பெரும்புயல் இந்தக் கரையோரம் முழுக்க அடித்தது. தீவில் ஏகப்பட்ட வீடுகள் போயின. நியூயார்க்கின் பாலங்களையும் பூங்காக்களையும் நெடுஞ்சாலைகளையும் கட்டித் தள்ளிய ராபர்ட் மோசஸ் அப்போது சொன்ன வைத்தியம்: தீவின் நீளத்துக்கு ஒரு சாலை போடுவோம், அதுவே மணலைப் பிடித்து நிறுத்தும். அவருக்கு அது ரொம்ப நாள் ஆசை. கிழக்கில் பாலம் வந்துவிட்டது, மேற்கில் வந்துகொண்டிருந்தது, நடுவில் கோடு போட வேண்டியதுதான் பாக்கி.

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத ஊர்கள் அப்போதுதான் சேர்ந்து நின்றன. தேசியக் கடற்கரையாக அறிவித்துவிட்டால் சாலை வராது என்பது அவர்கள் கணக்கு. 1964 செப்டம்பர் 11 அன்று ஜனாதிபதி ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சாலையும் அத்தோடு போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: நாம் காரை நிறுத்தும் மேற்கு முனைப் பூங்காவுக்கும் பாலத்துக்கும் பேர் ராபர்ட் மோசஸ்தான். தோற்றவர் பேர் வாசலில், ஜெயித்தவர்கள் பேர் யாருக்கும் ஞாபகமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார் அறவே இல்லை என்று நினைக்காதீர்கள். போலீஸ், தீயணைப்பு, கட்டுமானக்காரர்கள், குளிர்காலத்தில் நிரந்தரவாசிகள் என்று அனுமதிச் சீட்டோடு மணலில் ஓட்டுகிறவர்கள் உண்டு. 1966 ஜூலையில் நியூயார்க்கின் பேர்பெற்ற கவிஞர் ஒருவர் பைன்ஸ் அருகே கடற்கரையில் நள்ளிரவுக்குப் பின் ஒரு ஜீப் மோதி, மறுநாள் இறந்துபோனார். கார் இல்லாத தீவில்.

ஜூன் 15
"கார் இல்லாததால் மனிதர்கள் நெருங்கிப் பழகுகிறார்கள், நம் கிராமம் போல" என்று எழுதிய நண்பருக்கு.

ஓஷன் பே பார்க்கில் இறங்குங்கள். இளவட்டங்கள் பத்துப் பேர் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடுகள், இரவெல்லாம் பாட்டு, காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு காபிக்கு வரிசை. அங்கிருந்து கிழக்கே நடந்தால் சட்டென்று ஒரு வேலி வரும். கம்பி வேலி, பூட்டிய வாசல். அந்தப் பக்கம் பாயிண்ட் ஓ உட்ஸ். 1890களில் சமயப் பேச்சும் சொற்பொழிவும் கேட்க ஒரு கோடைக் கூடாரமாக ஆரம்பித்து, 1898இல் ஒரு சங்கத்தின் கைக்கு வந்த ஊர். நிலம் இன்றும் சங்கத்துடையது, வீட்டுக்காரர்களுக்குக் குத்தகை மட்டும்தான். அவர்களுக்குத் தனி ஃபெரி. அதில் ஏற நீங்கள் யாருடைய விருந்தாளி என்று சொல்ல வேண்டும்.

வேலியின் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பழைய சாம்பல் நிற வீடுகள், ஒரு சைக்கிள், ஆள் நடமாட்டமே இல்லை. எனக்குப் பின்னால் யாரோ பீர் கேனைத் திறக்கும் சத்தம். வேலியை யார் யாருக்கு எதிராகப் போட்டார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இங்கே கார் இல்லாமல் இருப்பதை எல்லாரும் அழகு என்று மட்டும் பேசுகிறோம். என் கண்ணுக்கு அது முதலில் ஒரு வேலி. சாலை போட்டிருந்தால் இந்த ஊர்கள் எல்லாம் கரைந்து, ஒரே நீளக் கடைவீதியாகியிருக்கும். போடாததால் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. குணம் நல்லதோ கெட்டதோ அது அடுத்த விஷயம்.

ஜூன் 15, பின்சேர்க்கை
கடலோரமாகப் போனால் பாயிண்ட் ஓ உட்ஸைக் கடக்கலாம். அலை நனைக்கும் மணல் பொதுச்சொத்து, அதில் நடப்பவரை யாரும் தடுக்க முடியாது. காலை நனைத்துக்கொண்டே போங்கள்.

ஜூன் 22
எடிசன்காரர் போய்விட்டு வந்திருக்கிறார். கலங்கரை விளக்கம் ஒரு நாள், சங்கன் ஃபாரஸ்ட் என்கிற காடு இன்னொரு நாள். மாமனாருக்குக் காடு பிடித்ததாம், மாமியாருக்கு மான் பிடித்ததாம், அவருக்கு மட்டும் பார்க்கிங் கட்டணம் பிடிக்கவில்லையாம்.

அந்தக் காட்டைப் பற்றி நானே எழுதியிருக்க வேண்டும். செய்லர்ஸ் ஹேவனில் இறங்கினால் பக்கத்திலேயே. சங்கன் என்றால் புதைந்த என்று அர்த்தம், ஆனால் பூமிக்குள் புதைந்த காடு இல்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் பதுங்கிய காடு. முள்ளிலை கொண்ட ஹாலி மரங்கள், சில இருநூறு முந்நூறு வருஷத்து மரங்கள். மேட்டின் உயரத்தைத் தாண்டி எந்தக் கிளை தலை நீட்டினாலும் கடல்காற்றில் வரும் உப்பு அதைக் கருக்கிவிடும். அதனால் காட்டின் மேற்பரப்பு நாவிதர் வெட்டிவிட்ட மாதிரி ஒரே மட்டம். உள்ளே கடல் சத்தம் குறைந்து கொசு சத்தம் கூடும்.

மான் பிடித்த மாமியாருக்கு ஒரு எச்சரிக்கை. மானோடு உண்ணியும் வரும். லைம் காய்ச்சல் பரப்புகிற உண்ணி ஒன்று. முதுகில் வெள்ளைப் பொட்டு வைத்த லோன் ஸ்டார் உண்ணி இன்னொன்று. அது கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாமல் போய்விடும். கோழிக்கு ஆபத்தில்லை. என் தம்பிக்கு இதைச் சொன்னதிலிருந்து அவன் காலுறையைப் பேண்ட் மேல் இழுத்துவிட்டுக்கொண்டுதான் படகே ஏறுகிறான், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதாம். பாதையைவிட்டு இறங்காதீர்கள், வீடு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், அக்குள், தலைமுடி எல்லாம் தேடுங்கள். பாய்சன் ஐவியும் நிறைய. மூன்று இலை சேர்ந்திருந்தால் கை வைக்காதீர்கள்.

ஜூலை 5
நேற்று பைன்ஸ் படகுத்துறையில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது, கூட்டம் அதைவிட.

கதை இது. செர்ரி குரோவும் பைன்ஸும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள், இரண்டுமே தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் ஊர்கள். ஆனால் ஜாடை வேறு. குரோவ் பழசு. 1938 சூறாவளியில் வீடுகள் அடித்துக்கொண்டு போனபின் குறைந்த வாடகைக்கு நாடகக்காரர்கள் வந்து தங்கிய இடம். 1948இலிருந்து அங்கே சமூகக் கூடத்தில் நாடகம் நடக்கிறது, அந்தக் கட்டடம் 2013இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் குறும்பாக ஒரு பேர்ப்பலகை. பைன்ஸ் 1950களில் மனை போட்டு விற்ற ஊர். ஹொரேஸ் கிஃபோர்ட் என்ற கட்டடக் கலைஞர் 60களிலும் 70களிலும் மரமும் கண்ணாடியுமாகக் கட்டிய வீடுகளைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். பணமும் உடற்பயிற்சியும் அதிகம்.

1976இல் குரோவைச் சேர்ந்த ஒருவர் பெண்வேடத்தோடு பைன்ஸ் உணவகத்துக்குப் போக, பரிமாற மறுத்துவிட்டார்கள். அந்த ஜூலை 4 அன்று அவருடைய நண்பர்கள் சிலர் முழு அலங்காரத்தோடு ஒரு வாட்டர் டாக்சியைப் பிடித்துப் பைன்ஸ் துறையில் போய் இறங்கிவிட்டார்கள். படையெடுப்பு என்று அதற்குப் பேர். அடிதடி நடக்கும் என்று பயந்துதான் போனார்களாம், துறையில் நின்றவர்கள் கைதட்டி வரவேற்றுக் குடிக்க வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம். இப்போது வருவது வாட்டர் டாக்சி இல்லை, பெரிய ஃபெரி நிறைய ராணிகள். ஒவ்வொருவரும் இறங்கும்போது பேரைச் சொல்லி அறிவிக்கிறார்கள். ஒருவர் தலையில் சுதந்திர தேவியின் கிரீடம், அதிலிருந்து நிஜமாகவே தண்ணீர் பீய்ச்சியது.

அம்மா போன வருஷம் என்னோடு வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "இது கூவாகம் மாதிரியா?" என்றார். இல்லைம்மா, இதில் சாமி இல்லை, சடங்கு இல்லை என்றேன். "வருஷா வருஷம் ஒரே நாள்ல அலங்காரம் பண்ணிக்கிட்டு வராங்க, ஊரே கூடி நின்னு பார்க்குது, சடங்கு இல்லைன்னா எப்படி?" என்றார். பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 6
"குடும்பத்தோடு போகிற இடமா அது?" என்று கேட்ட இரண்டு பேருக்கும் சேர்த்து: மேலே அம்மா என்று எழுதியிருக்கிறேனே.

கடற்கரையும் மரப்பாதையும் படகுத்துறைக் கடைகளும் எல்லாருக்கும் பொது. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள புதர்க்காட்டு வழி வேண்டாம், கடலோரமாக நடங்கள். அங்கே தனிமை தேடிப் போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம். ஒருவரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். இது ஓஷன் பீச்சுக்கும் பொருந்தும், எடிசனுக்கும் பொருந்தும்.

ஜூலை 19
வேலியைப் பற்றி ஜூன் 15இல் எழுதியதை மறுபடி படித்தேன். கோபம் சரிதான், ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு ஆண்கள் சேர்ந்து நடனமாடினால் கைது என்றிருந்த காலத்தில் செர்ரி குரோவில் ஆடினார்கள். காவல்துறை அங்கேயும் வந்தது, 1960களின் கடைசி வரை சோதனை, விலங்கு எல்லாம் உண்டு. ஆனால் வர வேண்டுமானால் அவர்களும் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். மேற்கே சீவியூவில் யூதக் குடும்பங்கள் தங்களுக்கென்று வழிபாட்டுக்கூடம் கட்டிக்கொண்டு கோடைக்கு வந்து சேர்ந்த கதையும் அந்தக் காலத்துக் கதைதான். லாங் ஐலண்டின் பல கடற்கரைச் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம். வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே ஓர் இடம் பிடித்தார்கள். பாயிண்ட் ஓ உட்ஸ்காரர்களுக்கு எது மதிலோ அதுவே இவர்களுக்குக் கூரையாக இருந்திருக்கிறது.

அதே தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1892இல் நியூயார்க்கில் காலரா பீதி. ஹாம்பர்கிலிருந்து வந்த நார்மனியா கப்பலின் பயணிகளைத் தனிமைப்படுத்த ஆளுநர் இந்தத் தீவிலிருந்த சர்ஃப் ஹோட்டலையே அரசுக்காக வாங்கினார். கரையோரத்து மீனவர்களும் சிப்பி எடுப்பவர்களும் துப்பாக்கியோடு படகுத்துறையை மறித்துவிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் இருந்த படகைக் கரைசேர விடவில்லை. மாநிலப் படையை அனுப்பிய பிறகுதான் இறங்கினார்கள். அந்த ஹோட்டல் நிலம்தான் 1908இல் மாநிலப் பூங்காவாயிற்று, இன்றைக்கு நாம் கார் நிறுத்துகிற பூங்காவின் ஆரம்பம் அதுதான்.

ஆக, யார் உள்ளே என்ற சண்டை கார் வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. ஃபேர் ஹார்பர் பாட்டிமேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆகஸ்ட் 3
ஓஷன் பீச்சில் கடைசிப் படகைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் பதற்றமாகக் கேட்டிருந்தார், நேரம் பார்த்தால் இரவு 11.50. சாமி, போய்ச் சேர்ந்தீர்களா?

ஆகஸ்ட் 25
குளிர்காலத்தில் யாராவது இருப்பார்களா என்பதற்கு: கோடை வாரக்கடைசியில் பல்லாயிரம் பேர் இருக்கும் தீவில் குளிர்காலத்தில் சில நூறு பேர். விரிகுடா உறைந்தால் படகும் நின்றுவிடும். ஓஷன் பீச்சை ஒட்டி ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி இருக்கிறது. மேல் வகுப்புக்குப் பிள்ளைகள் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். அவர்களை ஏற்றிக்கொண்டு நாலு சக்கரமும் இழுக்கிற மஞ்சள் பள்ளிப் பேருந்து மணலில் போகும். இதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பிப்ரவரியில் நேரில் பார்க்க ஆசை, வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 14
இழையை இந்தப் பக்கம் இழுத்துவிட்டீர்கள்: "முதலீடாக அங்கே ஒரு வீடு வாங்கினால்?"

2012 அக்டோபரில் சாண்டி புயல் தீவைக் கிழக்கே ஓர் இடத்தில் அறுத்து, கடலையும் விரிகுடாவையும் சேர்த்துவிட்டது. அந்த இடம் ஓட்டிஸ் பைக் என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரிலுள்ள காட்டுப் பகுதி. நியூயார்க் மாநிலத்தில் மத்தியச் சட்டப்படி தொடாமல் விடவேண்டிய ஒரே வனப்பரப்பு. அதனால் அவசரப்பட்டு அடைக்காமல் விட்டார்கள். கடல்நீர் புகுந்து விரிகுடாவின் தண்ணீர் தெளிந்தது, மீன்காரர்களுக்குச் சந்தோஷம். இன்னொரு பக்கம், ஊர்கள் இருக்கும் இடத்தில் மணல்மேடு கட்ட அரசு கடலோர வீடுகள் சிலவற்றை விலைக்கு வாங்கி இடித்தது. மணல் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1858இல் தீவின் மேற்கு நுனிக்குப் பக்கத்தில் நின்ற கலங்கரை விளக்கத்துக்கும் இன்றைய நுனிக்கும் நடுவில் பல மைல் மணல். நிலமே இடம் மாறுகிற ஊரில் பத்திரம் பதிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

வாடகைக்கு எடுங்கள். செப்டம்பர் முதல் திங்களில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை முடிந்தபின் போனால் வாடகை இறங்கும், கடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், கொசு குறையும். ஃபெரிக்கு இலையுதிர்காலத்தில் வேறு கால அட்டவணை, படகுகளும் குறைவு. ஆகஸ்டில் கேட்டவர் இன்னும் பதில் போடவில்லை என்பதைக் கவனிக்கவும்.